மறு: மறு: 'மாஸ்கிங்' தமிழில் என்ன? வியாழன் காலைக்குள் வேண்டும்

பென்னாகரம், சிறப்பாசிரியை:

குழுவினருக்கு வணக்கம். வியாழக்கிழமை வட்டார வள மையத்தில் பெற்றோர் கூட்டம். ஆட்டிசம் ஆய்வாளர்கள் 2001இல் சான் டியாகோவில் தொடங்கி ஆண்டுதோறும் நடத்தும் பன்னாட்டு மாநாட்டில் என்ன பேசுகிறார்கள் என்று இரண்டு பக்கத் துண்டறிக்கை எழுதியிருக்கிறேன். 'மாஸ்கிங்', அதாவது ஆட்டிசம் உள்ளவர்கள் தங்கள் இயல்பைப் பிறருக்குத் தெரியாமல் மறைத்துக்கொள்வது, அந்தச் சொல் மட்டும் இடிக்கிறது. போன முறை 'மாஸ்க்' என்றே போட்டேன். ஒரு அப்பா, "இன்னுமா மேடம் கொரோனா?" என்று கேட்டார்.

என்னிடம் வரும் ஏழாம் வகுப்புப் பிள்ளையைச் சொன்னால் பொருள் விளங்கும். சுடிதார் பைக்குள் இரண்டு புளியங்கொட்டை. வெளியே தெரியாமல் உருட்டிக்கொண்டே இருப்பாள். டீச்சர் முகத்தைப் பார்த்து மனசுக்குள் ஐந்து எண்ணிவிட்டுத்தான் பார்வையை எடுப்பாள். மற்றவர்கள் சிரித்தால் கொஞ்சம் பிந்திச் சிரிப்பாள். "தொந்தரவே இல்லாத பிள்ளை" என்று வகுப்பில் நல்ல பெயர். வீட்டுக்குப் போனதும் பை வாசலில் கிடக்கும், பிள்ளை கட்டிலுக்கு அடியில் கிடக்கும். எட்டு மணி வரை யாரும் கூப்பிடக் கூடாது.

அரூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, சொல் இருக்கிறது, நாம்தான் மறந்துவிட்டோம். 'கரத்தலும் ஆற்றேன்இந் நோயை' (குறள் 1162). மறைக்கவும் முடியவில்லை என்கிறாள் தலைவி. உங்கள் மாணவியும் அதையேதான் சொல்வாள். கர, கரத்தல், கரவு, கரவாடல். 'கரவாடல்' என்றே போடுங்கள். நம் தகடூர் நாட்டு நடுகற்களில் ஆநிரை மீட்டு மாண்டவர்கள் நிற்கிறார்களே, அந்த மீட்புப் போரின் பெயரான கரந்தையும் இதே வேர் என்பது என் நெடுநாள் கருத்து. பகைவர் கரந்து கொண்டுபோனதை மீட்பதால் கரந்தை.

ஓசூர், மென்பொருள் பணி:

ஐயா, கரந்தை ஒரு பூ. மீட்கப் போனவர்கள் அதைச் சூடினார்கள், அவ்வளவுதான். தொல்காப்பியர் அதைத் தனித் திணையாகக்கூட வைக்கவில்லை, ஆநிரை கவரும் வெட்சித் திணைக்குள் அடக்கிவிட்டார். தவிர, கரவு என்றால் வஞ்சகம் என்றும் அகராதி சொல்கிறது. நம்மூர் கூத்து பார்க்கிற ஊர், 'வேடமிடல்' போதாதா?

பென்னாகரம்:

வேண்டவே வேண்டாம் சார். "வேஷம் போடறா" என்றுதான் அவள் பாட்டி ஏற்கெனவே சொல்கிறார். நடிப்பு, பாசாங்கு, பச்சோந்தி என எதை எடுத்தாலும் வசவாக இருக்கிறது.

காவேரிப்பட்டணம், பேச்சுப் பயிற்சியாளர்:

ஒரு நுணுக்கம். இதை அளக்க 2019இல் வெளியான 25 கேள்விப் பட்டியலில் மேல் தலைப்பு 'காமஃப்ளாஜிங்', அதாவது சூழலோடு கலந்து வேறுபாடு தெரியாமல் இருப்பது. அதன் கீழே மூன்று: ஈடுகட்டுவது, மறைப்பது, கூட்டத்தோடு ஒட்டப் பார்ப்பது. மாஸ்கிங் இந்த மூன்றில் நடுவில் இருப்பது மட்டும். பிறரைப் பார்த்துப் படியெடுப்பது ஈடுகட்டலில் வரும். மேலே உள்ளதற்கும் கீழே உள்ளதற்கும் ஒரே சொல்லைப் போட்டால் நாளை மொழிபெயர்ப்பவர் மாட்டிக்கொள்வார்.

இன்னொன்றும் உறுத்துகிறது. அரசுத் தாள்களில் ஆட்டிசம் உள்ளவர்களைப் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று எழுதுகிறார்கள். ஐந்து வரை எண்ணி முகம் பார்க்கிற பிள்ளைக்குப் பள்ளியில் புற உலகச் சிந்தனையைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

மட்டுறுத்துநர்:

ஆட்டிசத்துக்குத் தமிழ்ச்சொல் தேடிய 'மதியிறுக்கம்' இழையில் அடித்துக்கொண்டதெல்லாம் போதும். அதை இங்கே திறக்க வேண்டாம்.

மத்தூர், ஒரு தாய்:

நான் இலக்கணம் படிச்சவ இல்லைங்க. எங்க வூட்ல "ஸ்கூல்ல அடக்கிக்கினு இருந்துட்டு இங்க வந்து கொட்டறான்"னு சொல்லுவோம்.

அரூர்:

ஆகா! அடக்கம். வள்ளுவர் ஒரு அதிகாரமே கொடுத்த சொல்.

காவேரிப்பட்டணம்:

அதனால்தான் ஐயா வேண்டாம் என்கிறேன். தொடர்ந்து மறைப்பவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் கூடுதல் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. நாம் 'அடக்கம்' என்று அச்சடித்தால், "எம்பொண்ணு நல்ல அடக்கம்" என்று பெற்றோர் பூரித்துப் போவார்கள். 'உள்ளடக்கல்' என்று தப்பிக்கலாமா என்றால் அது ஏற்கெனவே 'உள்ளடக்கிய கல்வி'யில் உட்கார்ந்திருக்கிறது.

ஓசூர்:

'தன்மறைப்பு'? 1911இல் பிளாய்லர் என்ற மனநல மருத்துவர் ஆட்டிசம் என்ற சொல்லைக் கட்டியதே 'தான்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லில் இருந்துதான். பொருத்தமாகவும் இருக்கும், வசவும் இல்லை. மேல் தலைப்புக்கு 'உருக்கலப்பு' என்று வைத்துக்கொள்ளலாம்.

காவேரிப்பட்டணம்:

தன்மறைப்பு சரி. உருக்கலப்பு என்றால் மாட்டுத் தீவனம் மாதிரி ஒலிக்கிறது.

அரூர்:

தன்மறைப்பு எவ்வகைத் தொகை? தன்னை மறைப்பதா, தன்னால் மறைப்பதா, தனக்கு மறைப்பதா? தனக்கே மறைப்பது என்றால் அது வேறு நோய். கரவாடலில் இந்தக் குழப்பம் இல்லை.

பென்னாகரம் (புதன் இரவு 8.50):

ஜெராக்ஸ் கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார்கள். தலைப்பில் 'தன்மறைப்பு' போட்டுவிட்டேன். கீழே மத்தூர் அம்மா சொன்னதை அப்படியே, 'கொட்டறான்' உட்பட. மேல் தலைப்புக்கு 'காமஃப்ளாஜிங்' என்றே விட்டிருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

அரூர் (புதன் இரவு 11.40):

அடிக்குறிப்பிலாவது கரவாடலைச் சேர்த்திருக்கலாம். கரந்தை பற்றித் தனி இழை தொடங்கியிருக்கிறேன்; ஓசூர்க்காரர் அங்கே வரவும்.