ஆசிய பாணி சிக்கன் சாலட்டுக்கு நம்ம நல்லெண்ணெய் சரிவருமா?

தாதகாப்பட்டி_அடுப்பு:
வணக்கம்ங்க. வர்ற ஞாயிற்றுக்கிழமை ஓசூரிலிருந்து அக்கா குடும்பம் வருகிறார்கள். இந்த வெயிலில் மதியம் பிரியாணி வேண்டாம் என்று முடிவு செய்து, முட்டைக்கோஸ், கேரட், வெள்ளரிக்காய், பிய்த்த சிக்கன் எல்லாம் போட்டு சோயா சாஸ் கலந்து செய்வார்களே, அந்த ஆசிய பாணி சாலட் செய்யலாம் என்று இருக்கிறேன். பார்த்த குறிப்பிலெல்லாம் வறுத்த எள்ளில் எடுத்த எண்ணெயும் அரிசி வினிகரும் கேட்கிறார்கள். பக்கத்து மளிகையில் இரண்டும் இல்லை. ஒரு வேளைச் சாப்பாட்டுக்காகக் குட்டி பாட்டிலுக்கு அவ்வளவு காசு கொடுக்கவும் மனசு வரவில்லை. வீட்டில் செக்கு நல்லெண்ணெய் இருக்கிறது, அதையே ஊற்றலாமா? நெஞ்சுக்கறி வறண்டு போகாமல் வேக வைப்பது எப்படி என்றும் சொல்லுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை_அக்கா:
ஊற்றலாம், ஆனால் அப்படியே ஊற்றினால் அந்த வாசம் வராது. நம்ம செக்கில் எள்ளை வறுக்காமல் கருப்பட்டியோ வெல்லமோ சேர்த்து ஆட்டுகிறார்கள். சீனா, கொரியா, ஜப்பான் பக்கம் எள்ளை நன்றாக வறுத்துவிட்டுப் பிழிவதால்தான் அந்த எண்ணெய் கருஞ்சிவப்பாக, தூக்கலான மணத்தோடு இருக்கிறது. அதனால் அந்த வறுவல் வேலையை நீங்களே செய்துவிடுங்கள். இரண்டு மேசைக்கரண்டி வெள்ளை எள்ளைச் சிறுதீயில் பொன்னிறமாக வறுத்து, பாதியை அம்மியிலோ மிக்ஸியிலோ ஒன்றிரண்டாகப் பொடித்து, லேசாகச் சூடாக்கிய இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் போட்டு மூடி வையுங்கள். மீதி எள் மேலே தூவ. கருக விட்டால் கசக்கும், பக்கத்திலேயே நில்லுங்கள்.

வினிகருக்கு எலுமிச்சைச் சாறு போதும். கடையில் கிடைக்கும் சாதா வெள்ளை வினிகர் மூக்கில் ஏறும், நான் சேர்க்க மாட்டேன். அரைக்கிலோ கறிக்கு மூன்று மேசைக்கரண்டி சோயா சாஸ், அதே அளவு எலுமிச்சைச் சாறு, ஒரு கரண்டி நாட்டுச் சர்க்கரை, துருவிய இஞ்சி, ஒரு பல் பூண்டு, அப்புறம் அந்த எண்ணெய். சோயா சாஸிலேயே உப்பு இருக்கிறது, ருசி பார்க்காமல் தனி உப்பு போடாதீர்கள். டார்க் என்று போட்ட கெட்டியான சாஸ் என்றால் இரண்டு கரண்டியோடு நிறுத்துங்கள், கறியும் கோஸும் கறுத்துப் போகும்.

ஏற்காட்டு_மிளகு:
கறிக்கு நான் சொல்கிறேன். நெஞ்சுக்கறியை முழுசாகவே, தட்டிய இஞ்சி, வெங்காயத்தாள், உப்பு போட்டு, மூழ்கும் அளவு பச்சைத் தண்ணீரில் வைத்துச் சூடாக்குங்கள். தளதளவென்று கொதிக்க விடுவதுதான் சதையை இறுக்கிச் சாற்றைப் பிழிந்துவிடுகிறது. ஓரத்தில் சின்னக் குமிழி வந்ததும் தீயைக் குறைத்து எட்டுப் பத்து நிமிடம், பிறகு அடுப்பை அணைத்து மூடியோடு ஒரு கால்மணி நேரம். கறியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் தொட்டால் போதும். வெப்பமானி இல்லையென்றால் தடித்த இடத்தில் கீறிப் பாருங்கள், உள்ளே ரோஸ் நிறம் இருந்தால் திரும்பவும் வையுங்கள். எங்கள் ஊர் 1500 மீட்டர் உயரம் என்பதால் தண்ணீர் 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், அப்போதும் இந்த முறையில் கறி அருமையாக வேகிறது. வெந்ததை ஆறவிட்டுக் கையால் நார் நாராகப் பிய்த்து, அந்தச் சாற்றிலேயே இரண்டு கரண்டி விட்டுப் பிசறி வையுங்கள். மீதிச் சாறு மிளகு தட்டிப் போட்டால் நல்ல சூப்.

சூரமங்கலம்_சந்தை:
யாரும் கோஸைப் பற்றிச் சொல்லவில்லையே. மெல்லிசாக அரிந்து ஒரு டீஸ்பூன் உப்பு பிசறி இருபது நிமிடம் வைத்துக் கையால் பிழிந்துவிட வேண்டும், இல்லையென்றால் பந்தியில் வைத்த கொஞ்ச நேரத்தில் அடியில் தண்ணீர் நிற்கும். வெள்ளரிக்காயில் விதையை வழித்துவிடுங்கள். மாங்காய் சீசன்தானே, உழவர் சந்தையில் நல்ல புளிப்பு மாங்காயாக ஒன்று வாங்கித் துருவிப் போடுங்கள், தாய்லாந்து, வியட்நாம் பக்கமும் சாலட்டில் மாங்காய் உண்டு. அப்படிச் செய்தால் எலுமிச்சையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். புதினா, கொத்தமல்லி, வறுத்த வேர்க்கடலை கட்டாயம்.

இன்னொன்று, வியட்நாமில் இந்த மாதிரி சாலட்டோடு இறால் அப்பளம் வைப்பார்கள். அது மரவள்ளி மாவில் செய்வது. நம்ம சேலத்து ஜவ்வரிசியும் மரவள்ளிக் கிழங்குதானே, வீட்டில் ஜவ்வரிசி வடாம் இருந்தால் பொரித்துப் பக்கத்தில் வையுங்கள். பிள்ளைகள் அதில் அள்ளி வைத்தே சாப்பிட்டுவிடுவார்கள். தட்டுவடையும் நல்ல ஜோடி.

தாதகாப்பட்டி_அடுப்பு:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். வடாம் யோசனை அக்காவுக்குக் கண்டிப்பாகப் பிடிக்கும். சனிக்கிழமை இரவே எல்லாம் செய்து வைத்துக்கொள்ளலாமா?

ஏற்காட்டு_மிளகு:
கறியும் சாஸும் தனித்தனியாக ஃபிரிட்ஜில் இருக்கட்டும். காய் காலையில் நறுக்குங்கள், பச்சைக்கறி வெட்டிய பலகையில் வேண்டாம். உட்காரும்போது கலந்தால் போதும், வடாமும் கடலையும் கடைசியில். கலந்ததை இந்தச் சூட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள்.