இளையோர் நாடாளுமன்றம்: ஒத்திகையில் இல்லாதது நடந்த அன்றைக்கு

பள்ளியில் இளையோர் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தவர்களும், பிள்ளைகளை உட்கார வைத்தவர்களும் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். உங்கள் கதையை எழுதுங்கள். பரிசு வாங்கிய கதை வேண்டாம், ஒத்திகையில் இல்லாத ஒன்று நடந்த கதை வேண்டும். என்னுடையதை முதலில் போடுகிறேன், கொஞ்சம் நீளம்தான்.

நான் ஆசிரியர் இல்லை. படித்த பள்ளிக்கே மூன்று வருடமாகச் சனிக்கிழமைகளில் போய் ஒன்பதாம், பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளை இந்தப் போட்டிக்குத் தயார் செய்கிறேன். அழைப்பிதழில் 'வழிகாட்டி' என்று போட்டிருந்தார்கள், பிள்ளைகளுக்கு வெறும் அண்ணாதான். தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்: ஐம்பது, ஐம்பத்தைந்து பிள்ளைகள் மக்களவை மாதிரி உட்கார்ந்து, ஒரு மணி நேரத்துக்குள் உறுதிமொழி, கேள்வி நேரம், கவன ஈர்ப்பு, மசோதா என்று எல்லாவற்றையும் நடத்திக் காட்ட வேண்டும்.

முதல் வருடம் நான் செய்தது எனக்கு என் சார் செய்ததைத்தான். முழு வசனத்தையும் நானே எழுதினேன். ஆளுங்கட்சிக்கும் நான், எதிர்க்கட்சிக்கும் நான். நடுவில் ஒரு திருக்குறள், அது முடிந்ததும் மேசையைத் தட்ட வேண்டும் என்பது வரைக்கும் குறித்துக் கொடுத்தேன். பிள்ளைகள் ஒப்பித்தார்கள், தட்ட வேண்டிய இடத்தில் தட்டினார்கள், ஆறுதல் பரிசு கிடைத்தது. பேருந்தில் திரும்பும்போது நிதியமைச்சராக இருந்த பெண்ணிடம், "வெட்டுத் தீர்மானம்னா என்னம்மா?" என்று சும்மாதான் கேட்டேன். அன்று காலையில் அதை எதிர்த்து இரண்டு நிமிடம் முழங்கியவள் அவள். "தெரியாதுண்ணா, நீங்கதான எழுதுனீங்க" என்றாள். எனக்கும்கூட அரைகுறையாகத்தான் தெரியும். அமைச்சகம் கேட்கும் தொகையை ஒரே ஒரு ரூபாயாகக் குறைக்கச் சொல்லி அந்தக் கொள்கையையே நிராகரிக்கும் வகை ஒன்று அதில் இருக்கிறது என்று வீட்டுக்கு வந்துதான் படித்தேன்.

அடுத்த வருடம் வசனம் எழுதவில்லை. மசோதாவை நீங்களே முடிவு செய்யுங்கள் என்று விட்டுவிட்டேன். இரண்டு சனிக்கிழமை சண்டை போட்டு ஒன்றைக் கொண்டு வந்தார்கள்: மக்களவைத் தேர்தலில் நிற்க 25 வயது வேண்டும் என்பதை 21 ஆக்க வேண்டும். ஓட்டுப் போடும் வயதை 61ஆவது திருத்தத்தில் 21இலிருந்து 18க்குக் கொண்டுவந்த நாடுதானே, இதை ஏன் குறைக்கக்கூடாது என்பது அவர்கள் வாதம். நல்ல வாதம். வேட்பாளர் வயதுக் குறைப்பு மசோதா என்று பெயர் வைத்தார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

போட்டிக்கு முந்தைய வாரம் முழு ஒத்திகை, மற்ற ஆசிரியர்கள் எல்லாம் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். விவாதம் தீயாகப் போனது. "ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க" என்றாள் சபாநாயகர். இரண்டு பக்கமும் ஒரே சத்தம். எதிர்க்கட்சி எழுந்து டிவிஷன் கேட்டது, எழுந்து நிற்க வைத்து எண்ணினார்கள். மொத்தம் 52 பேர், சபாநாயகரை விட்டால் 51. ஆதரவு 31, எதிர்ப்பு 20. ஆளுங்கட்சி வரிசையில் இப்போதே கைதட்டல் ஆரம்பித்துவிட்டது.

அப்போது சபாநாயகருக்குக் கீழே மேசையில் உட்கார்ந்திருந்த மக்களவைச் செயலர் கணக்கு நோட்டிலிருந்து அரைத்தாளைக் கிழித்தான். அந்தப் பையனுக்கு அந்த வேடம் கிடைத்ததே வேடம் பிரித்த வாரம் பள்ளிக்கு வராததால்தான். வசனம் கிடையாது, ஒரு மணி நேரம் சும்மா உட்கார வேண்டும், அதனால் பொழுது போகாமல் நூலகத்திலிருந்த அரசமைப்புச் சட்டப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துப் புரட்டிக்கொண்டே இருப்பான். சீட்டில் ஏதோ எழுதி மேலே நீட்டினான். அவள் படித்தாள். என்னைப் பார்த்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை, சரி, நடத்து என்று பொத்தாம்பொதுவாகத் தலையை ஆட்டினேன்.

"மசோதா தோல்வியடைந்தது" என்றாள்.

ஒரே அமளி. சீட்டை வாங்கிப் பார்த்தேன். '368. மூன்றில் இரண்டு. 34 வேணும்.' அவ்வளவுதான். வயது வரம்பு அரசமைப்புச் சட்டத்தின் 84ஆவது பிரிவிலேயே இருக்கிறது, அதை மாற்றுவது சாதாரண மசோதா இல்லை, அரசமைப்புத் திருத்தம். 368ஆவது பிரிவின்படி அதற்கு மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் வேண்டும், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். ஆறு வாரமாக நான் அவர்களிடம், ஒரு ஓட்டு கூடுதலாக இருந்தாலும் மசோதா நிறைவேறிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிரதமராக இருந்தவன் நேராக என்னிடம் வந்து, "உங்களுக்குத் தெரியாதாண்ணா?" என்று கேட்டான். தெரியாது என்றேன். அன்றைக்குத்தான் அந்தப் பிள்ளைகள் என்னிடம் உண்மையாகக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள்.

•••

எனக்கு நடந்தது காமெடி. நான் எதிர்க்கட்சி உறுப்பினர், வரிசையில் எத்தனையாவது ஆள் என்பதுகூட நினைவில்லை. மொத்த வசனமே "வெட்கம், வெட்கம்!" மட்டும்தான். அப்புறம் வெளிநடப்பு. அதைப் பத்து முறை ஒத்திகை பார்த்திருந்தோம், தலைவர் தாளைக் கிழித்துப் போட்டதும் கோஷம் போட்டபடி வரிசையாக வெளியே போக வேண்டும். போனோம், அட்டகாசமாகப் போனோம். திரும்பி எப்போது உள்ளே வருவது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

பதினேழு பேர் நடைபாதையில் நிற்கிறோம். உள்ளே மசோதா ஓடுகிறது, எதிர்க்க ஆளே இல்லை, எங்கள் ஆட்கள் பேச வேண்டிய இடத்தில் எல்லாம் மௌனம். கதவு இடுக்கில் பார்த்தால் சார் ஆட்காட்டி விரலை வளைத்து வளைத்துக் கூப்பிடுகிறார், எங்கள் தலைவரோ மானம் போய்விடும் என்று அசையவில்லை. கடைசியில் ஒரு பிளஸ் டூ அக்கா, போட்டியில்கூட இல்லை, தண்ணீர் கொண்டு வந்து வைக்க நின்றவர், "வெளிய நின்னா உங்க ஓட்டும் வெளியதாண்டா நிக்கும்" என்றார். உள்ளே ஓடினோம். அதற்குள் மசோதா நிறைவேறியிருந்தது.

இன்றைக்கும் தொலைக்காட்சியில் வெளிநடப்பு பார்த்தால் எனக்கு அந்தக் கதவு இடுக்குதான் ஞாபகம் வரும். மேலே எழுதியவருக்கு ஒன்று: வேடிக்கை பார்க்கிற சீனியர்களையும் கூட வைத்துக்கொள்ளுங்கள், சார் சொன்னதைவிட அந்த அக்கா சொன்னதுதான் எனக்கு ஏறியது.

•••

நான் ஆசிரியை, பதினோரு வருடமாக இதைச் செய்கிறேன். வசனம் எழுதிக் கொடுப்பதை எல்லாரும் கிண்டல் செய்கிறீர்கள், சரி. ஐம்பது பிள்ளைகள், கையில் ஆறு வாரம், நடுவில் அலகுத் தேர்வு, ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் மதிப்பெண் போய்விடும். எதுவுமே எழுதிக் கொடுக்காமல் விட்டால் பேசத் தெரிந்த நான்கு பேர் மட்டும் பேசுவார்கள், மற்ற 46 பேர் பெஞ்ச் தேய்ப்பார்கள். மேடையில் வாயே திறக்காத பிள்ளைக்கு எழுதிய இரண்டு வரி ஒரு கைப்பிடி மாதிரி. அதைப் பிடுங்கிவிட்டு 'சுதந்திரம்' என்று சொன்னால் அது யாருக்குச் சுதந்திரம்?

ஆனால் நானும் ஒன்றை மாற்றினேன். நட்சத்திரக் கேள்வி, அதாவது அவையிலேயே வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி, எது என்று அமைச்சருக்கு முன்பே தெரியும், உண்மையான மக்களவையிலும் அப்படித்தான், எழுத்தில் கேள்வி முன்கூட்டியே போய்விடும். அந்தப் பதிலை வைத்து அங்கேயே எழுந்து கேட்கும் துணைக்கேள்வி தெரியாது. அதனால் முதன்மைக் கேள்வியும் பதிலும் எழுதிக் கொடுப்பேன், துணைக்கேள்விகளை எதிர்க்கட்சிப் பிள்ளைகள் மட்டும் தனியாக உட்கார்ந்து தயார் செய்வார்கள், நானும் கேட்க மாட்டேன். முதல் ஒத்திகையிலேயே கல்வி அமைச்சர் மாட்டினாள். நம் பள்ளியில் எத்தனை கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று ஒரு பையன் கேட்டுவிட்டான். அவள் கொஞ்சமும் அசராமல், எங்கே கற்றாளோ, "விவரங்கள் திரட்டப்பட்டு வருகின்றன, அவையில் வைக்கப்படும்" என்றாள். எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

வீட்டுக்குப் போய் யோசித்தேன். நிஜ மக்களவையில் இப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு அமைச்சர் தப்ப முடியாது. அது உறுதிமொழிக் கணக்கில் ஏறும், மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், நிறைவேற்றினாரா என்று துரத்திப் பார்க்கவே 1953 முதல் ஒரு குழு இருக்கிறது, அரசு உறுதிமொழிகள் குழு. அடுத்த வாரம் மூன்று பிள்ளைகளைக் கூப்பிட்டு, நீங்கள்தான் அந்தக் குழு என்றேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று. அமைச்சர்கள் சபையில் எதைச் சொன்னாலும் தேதி போட்டு எழுதுவார்கள், இடைவேளையில் போய்க் கேட்பார்கள். கல்வி அமைச்சர் இரண்டு நாள் ஒளிந்து திரிந்தாள், மூன்றாம் நாள் ஆயாவைக் கூட்டிக்கொண்டு போய் எண்ணிவிட்டு வந்தாள். ஏழு. ஏழு என்று சபையில் வைத்தாள். அதற்குப் பிறகு எந்த அமைச்சரும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளவில்லை, தெரியாததைத் தெரியாது என்றே சொன்னார்கள்.

தாழ்ப்பாள் போட்டார்களா என்று கேட்பீர்கள். நான்கு போட்டார்கள்.

இன்னொன்று, இது என் சொந்த ரசனை: இந்தத் திட்டத்துக்கு விதை போட்டது 1962இல் பம்பாயில் கூடிய அகில இந்தியக் கொறடாக்கள் மாநாடு. கட்சிக்காரர்களை வரிசையில் நிறுத்துவதே வேலையாக உள்ளவர்கள் உட்கார்ந்து, பிள்ளைகளுக்கு நாடாளுமன்றம் கற்றுக் கொடுக்க வேண்டும் என்று பரிந்துரை செய்திருக்கிறார்கள். டெல்லிப் பள்ளிகளில் 1966-67இல் ஆரம்பித்தது, கேந்திரிய வித்யாலயாக்களுக்கும் நவோதயாக்களுக்கும் எல்லாம் பிறகுதான் வந்தது. எங்கள் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் கொறடா வேடத்துக்கு அடிதடி நடக்கிறது.

•••

யார் பிரதமர் என்பதைப் பற்றி யாருமே பேசவில்லையே. நான் படித்த பள்ளியில் வேடம் பிரிப்பது இப்படி: நன்றாக ஆங்கிலம் பேசுகிற பையன் பிரதமர், அடுத்தவன் எதிர்க்கட்சித் தலைவர், பெண்களில் ஒருத்திக்கு மகளிர் நலத்துறை, தமிழ் வழியிலிருந்து வந்த எங்களுக்குப் பின்வரிசை. நான்கு வருடமும் அதேதான். அவர்கள் நன்றாகத்தான் பேசினார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஏற்கெனவே பேசத் தெரிந்தவனைப் பேச வைப்பதற்கு எதற்கு வழிகாட்டி?

கடைசி வருடம் புதிதாக ஒரு டீச்சர் வந்தார். பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கினார். எனக்கு ரயில்வே அமைச்சர் வந்தது, கால் நடுங்கிவிட்டது. ஆங்கிலத்தில் பேச வராது என்றேன். அவர் சமாதானமெல்லாம் சொல்லவில்லை, அரசமைப்புச் சட்டத்தின் 120ஆவது பிரிவைப் படித்துக்கொண்டு வா என்று அனுப்பினார். இந்தியிலோ ஆங்கிலத்திலோ சரியாகப் பேச இயலாத உறுப்பினரைத் தாய்மொழியில் பேசச் சபாநாயகர் அனுமதிக்கலாம் என்று இருக்கிறது. போட்டி நாளில் எழுந்து, "மாண்புமிகு அவைத்தலைவர் அவர்களே, 120ஆவது பிரிவின்படி தமிழில் பேச அனுமதி கோருகிறேன்" என்றேன். அது ஒத்திகையில் கிடையாது. எங்கள் சபாநாயகர் ஒரு விநாடி விழித்துவிட்டு, "அனுமதிக்கப்படுகிறது" என்றான். நடுவர் ஒருவர் தலை நிமிர்ந்து பார்த்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

அதற்கப்புறம் பின்வரிசையிலிருந்து இன்னும் மூன்று பேர் அதே பிரிவைச் சொல்லி எழுந்தார்கள். ஒருவன் 102 என்று சொல்லிவிட்டான், அது உறுப்பினரைத் தகுதி நீக்கும் பிரிவு. யாரும் கவனிக்கவில்லை.

•••

முதலில் எழுதியவன்தான். மேலே டீச்சர் சொன்ன உறுதிமொழி நோட்டை வரும் சனிக்கிழமையே ஆரம்பிக்கிறேன், நன்றி. வசனத்தைப் பற்றி நீங்கள் சொன்னதும் சரி. நானும் இந்த வருடம் ஏழெட்டுப் பேருக்கு இரண்டு இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு பெண் என் வரியைத் தூக்கிப் போட்டுவிட்டு அவளே பேசினாள், எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

சீட்டு கொடுத்த பையன் என்ன ஆனான் என்று தனியாகச் சிலர் கேட்டிருந்தீர்கள். இந்த வருடம் அவனைச் சபாநாயகர் ஆக்கலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். வேண்டாம் என்றுவிட்டான், கீழே அந்த மேசைதான் வேண்டுமாம். அதே மசோதாவை, இந்த முறை அரசமைப்புத் திருத்த மசோதா என்று சரியான பெயரோடு, திரும்பக் கொண்டு வந்தார்கள். அரசுக் கொறடா ஒரு மாதம் ஒவ்வொரு வகுப்பாக ஏறி இறங்கினான், கட்சி மாறி ஓட்டுப் போட்டால் பதவி போய்விடும் என்று அரசமைப்புச் சட்டத்தின் பத்தாவது அட்டவணையைச் சொல்லி மிரட்டினான், எதிர்க்கட்சியிலேயே இரண்டு பேரைக் கரைத்தான். சரியாக 34 பேர்.

போட்டி அன்று காலையில் அதில் ஒருவனுக்குக் காய்ச்சல். வரவில்லை. மாற்று ஆளும் கிடைக்கவில்லை.

கொறடா அசரவில்லை. வந்து வாக்களிப்பவர்களில்தானே மூன்றில் இரண்டு, ஒரு ஆள் குறைந்தால் கணக்கும் ஒன்று குறையும், 33 போதும் என்று பேருந்திலேயே எல்லாருக்கும் தைரியம் சொல்லிக்கொண்டு வந்தான். டிவிஷன் நடந்தது. வாக்களித்தவர்கள் 50. ஆதரவு 33, எதிர்ப்பு 17. கொறடா என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்துகிறான், மேசையில் அரைத்தாள் கிழியும் சத்தம் கேட்கிறது.

சீட்டில் '33.33' என்று மட்டும் எழுதியிருந்தது.

திரும்பும் வழியெல்லாம் அந்தக் காலே அரைக்கால் ஓட்டை எங்கே போய் வாங்குவது என்று கொறடா அவனிடம் சண்டை போட்டுக்கொண்டே வந்தான்.