மின்படகு வேகப் போட்டி: ஜிபிஎஸ் காட்டும் உச்ச வேகத்தைச் சாதனையாக எழுதலாமா?

கொழிஞ்சாம்பாறை மின்படகு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் இடைப்பட்ட ஊர்களைச் சேர்ந்த நண்பர்கள். ரேடியோ கட்டுப்பாட்டில் ஓடும் மின்மோட்டார் மாதிரிப் படகுகளை நாங்களே கட்டி, இப்பக்கத்து ஏரிகளில் ஓட்டி வருகிறோம். வரும் தை மாதத்தில் வேகப் போட்டி ஒன்றை நடத்தி, வெல்பவரின் வேகத்தை எங்கள் வட்டாரச் சாதனையாகக் குறிப்பேட்டில் எழுதி வைப்பது என்று முடிவு செய்திருக்கிறோம்.

அதற்கு முன்பே ஒரு வழக்கு வந்துவிட்டது. எங்களில் இருவரின் படகுகள் ஏறத்தாழ ஒரே அமைப்பு கொண்டவை: 4 செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, 2000 கேவி (சுமையின்றி ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 2000 சுற்று) மோட்டார், ஆக்டுரா எக்ஸ்440 புரொப்பெல்லர். ஒருவர் படகுக்குள் வைத்த ஜிபிஎஸ் கருவி மணிக்கு 96 கிலோமீட்டர் என்று காட்டியது. மற்றவரின் படகைக் கரையோரம் 100 மீட்டர் அளந்து, கைக்கடிகாரத்தை நிறுத்தி நிறுத்திக் கணக்கிட்டபோது 71 கிடைத்தது. முதலாமவர் தம்முடையதே சாதனை என்கிறார். இரண்டாமவர் ஓரிடத்தில் ஒரு நொடி தோன்றி மறையும் எண்ணைச் சாதனை என்று ஏற்க முடியாது என்கிறார். இருவரும் நெருங்கிய நண்பர்கள் என்பதால், எங்களுக்குள் தீர்ப்புச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

வெளிநாட்டுச் சங்கங்கள் இதை எப்படி அளக்கின்றன, எங்களைப் போன்றவர்கள் விலையுயர்ந்த கருவிகள் இல்லாமல் நேர்மையாக அளக்க என்ன வழி என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

---

பொள்ளாச்சி நீரோட்டம் எழுதியது:

தம்பி, போட்டிக்கு முன்பே இதைக் கேட்டது நல்லது. விதி எழுதப்படாத போட்டியில் வென்றவருக்கும் நிறைவு இருக்காது, தோற்றவருக்கும் இருக்காது.

அமெரிக்காவின் நாம்பா, இம்ப்பா ஆகிய இரு மாதிரிப் படகுச் சங்கங்களும் நேர்கோட்டு வேகச் சாதனைகளை 330 அடி, அதாவது ஒரு மைலில் பதினாறில் ஒரு பங்கு நீளமுள்ள தடத்தில் பதிவு செய்கின்றன. நம் கணக்கில் அது 100.6 மீட்டர். படகு தடத்துக்கு வெளியிலேயே முழு வேகத்தை எட்டி, தடத்துக்குள் பாய்ந்து, மறுமுனையில் வெளியேற வேண்டும். பின்பு எதிர்த்திசையிலும் அதே தடத்தில் ஓட வேண்டும். இரண்டு ஓட்டங்களின் சராசரிதான் சாதனை. படகுகளைப் பேட்டரியின் செல் எண்ணிக்கையைக் கொண்டும், ஒற்றை அடிப்பகுதி கொண்ட மோனோ, பக்க மிதவைகள் மேல் நீரை உரசி ஓடும் ஹைட்ரோ, இரட்டை அடிப்பகுதி கொண்ட கேட்டமரான் என்று வடிவத்தைக் கொண்டும் பிரிக்கிறார்கள். 4 செல் படகு 10 செல் படகோடு மோதுவதில்லை. நீங்களும் இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

இருதிசை விதி மனிதர் ஓட்டும் படகுகளின் உலகச் சாதனைக்கும் உண்டு. 1967 ஜனவரி 4 அன்று இங்கிலாந்தின் கோனிஸ்டன் ஏரியில் டொனால்ட் கேம்ப்பெல் தம் புளூபேர்ட் படகில் முதல் ஓட்டத்தில் மணிக்கு ஏறத்தாழ 479 கிலோமீட்டர் வேகத்தை எட்டினார். திரும்பும் ஓட்டத்தில் படகு மேலெழுந்து கவிழ்ந்து அவர் உயிரிழந்தார். ஒரு திசை ஓட்டம் மட்டுமே முடிந்திருந்ததால், உயிரைக் கொடுத்து எட்டிய அந்த வேகம் சாதனையாகப் பதிவாகவில்லை. 1978 அக்டோபர் 8 அன்று ஆஸ்திரேலியாவின் புளோவெரிங் அணையில் கென் வார்பி நிறுவிய 511 கிலோமீட்டர் சாதனையும் இருதிசைச் சராசரிதான். காற்றும் நீரோட்டமும் ஒரு திசையில் கொடுப்பதை மறுதிசையில் பிடுங்கிக்கொள்ளும் என்பதே இவ்விதியின் அடிப்படை.

இனி உங்கள் 96ஐ எடுத்துக்கொள்வோம். எக்ஸ்440 என்றால் விட்டம் 40 மில்லிமீட்டர், பிட்ச், அதாவது ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம், அதன் 1.4 மடங்கு, அதாவது 56 மில்லிமீட்டர். நீரில் வழுக்கி வீணாகும் நழுவலே இல்லாவிட்டால் புரொப்பெல்லர் ஒரு சுற்றுக்கு 56 மில்லிமீட்டர் முன்னேறும். பேட்டரியின் பெயரளவு மின்னழுத்தம் 14.8 வோல்ட். 2000 கேவி மோட்டார் எந்தச் சுமையும் இல்லாமல் நிமிடத்துக்கு 29,600 சுற்றுச் சுற்றினால், நழுவலும் இல்லை என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 99 கிலோமீட்டர் வரும். ஆனால் பாரம் ஏறியதும் ஒவ்வொரு செல்லும் 3.5 வோல்ட் அளவுக்கு இறங்கும். மோட்டாரும் சுமையில் ஏறத்தாழ 85 விழுக்காட்டு வேகத்தில்தான் சுற்றும். அப்படிக் கணக்கிட்டால் 23,800 சுற்று, 80 கிலோமீட்டர். பாதி நீருக்கு வெளியே சுற்றும் நம் புரொப்பெல்லர்களில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு நழுவலைக் கழித்தால் 68 முதல் 72 வரை நிற்கும். அதாவது 71 என்று கண்ட நண்பரின் எண், பொருள்கள் சொல்லும் கணக்கோடு ஒத்துப்போகிறது. 96 என்பது சுமையும் நழுவலும் ஏறத்தாழ இல்லாத படகுக்கே உரியது.

ஆயினும் கைக்கடிகாரத்தையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். கண் பார்த்து விரல் அழுத்துவதில் 0.2 நொடி முன்பின் ஆவது இயல்பு. 71 கிலோமீட்டரில் 100 மீட்டரைக் கடக்க 5.07 நொடி ஆகும்; அதில் 0.2 நொடி பிசகினால் விடை 68 முதல் 74 வரை எங்கும் இருக்கலாம். படகு 160ஐத் தொட்டால் 330 அடிக்கு 2.26 நொடிதான், அதே பிசகு அங்கே 147 முதல் 176 வரை விரிந்துவிடும்.

இரண்டு கைபேசிகள் போதும். நொடிக்கு 60 படம் எடுக்கும் அமைப்பில் இரண்டையும் அருகருகே பிடித்து, ஓடிக்கொண்டிருக்கும் ஒரே நிறுத்தற்கடிகாரத்தின் திரையை இரண்டிலும் பதிவு செய்யுங்கள். பதிவை நிறுத்தாமலே ஒன்றைத் தடத்தின் இந்த முனைக்கும் மற்றொன்றை அந்த முனைக்கும் கொண்டுபோய்த் தாங்கியில் நிறுத்துங்கள். படகின் மூக்கு கோட்டைத் தொடும் படத்தை இரண்டிலும் எண்ணிக் கழித்தால், அறுபதில் ஒரு நொடித் துல்லியம் கிடைக்கும். விசில் ஊதி ஒத்திசைக்க வேண்டாம்: ஒலி 100 மீட்டர் கடக்க 0.29 நொடி எடுக்கும், அது கைக்கடிகாரப் பிசகைவிட மோசம்.

தடத்தை நீரில் அளக்காதீர்கள். மிதவை கயிற்றின் நீளத்துக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். நேரான ஏரிக்கரையின் மேல் இரும்பு நாடாவால் 100.6 மீட்டர் அளந்து முளையடியுங்கள். ஒவ்வொரு முனையிலும் கொத்தனார்கள் மூலைமட்டம் பார்ப்பது போல 3, 4, 5 அடிக் கயிற்று முக்கோணத்தால் செங்கோணம் எடுத்து, நீரை நோக்கி ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கம்புகளை நடுங்கள். இரண்டு கம்பும் ஒன்றாகத் தெரியும் கோடுதான் உங்கள் வாயில். கோணத்தில் ஒரு பாகை தவறினால், கரையிலிருந்து 40 மீட்டர் தள்ளி ஓடும் படகுக்குத் தடம் 70 சென்டிமீட்டர் நீளும் அல்லது குறையும். ஆகவே கம்புகளைத் தூரம் தூரமாக நடுங்கள். படகு சற்றுச் சாய்ந்து ஓடினால் கூடுதல் தூரம்தான் ஓடும், வேகம் கூடித் தெரியாது. அதனால் யாருக்கும் முறைகேடான ஆதாயம் இல்லை.

---

செங்கோட்டை ரேடியோ எழுதியது:

பெரியவர் சொன்னதோடு ஜிபிஎஸ் பற்றி ஒன்று சேர்க்கிறேன். கருவியைக் குறை சொல்ல வேண்டியதில்லை. அது சொல்வதில் எதை எடுத்துக்கொள்கிறோம் என்பதுதான் கேள்வி. நல்ல கருவி நொடிக்கு பத்து முறை வேகத்தைப் பதிகிறது. படகு துள்ளி மூக்கை உயர்த்தும்போதோ கவிழும்போதோ ஆன்டெனா வானத்தைப் பார்க்காமல் திரும்பிவிடும். செயற்கைக்கோள் பிடி நழுவி மீண்டும் பிடிக்கும் கணத்தில் பொய்யான எண் ஒன்று பதிவாகும். உச்ச வேகம் மட்டும் காட்டும் திரை அந்த ஒன்றைத்தான் பிடித்து வைத்துக்கொள்ளும்.

உங்கள் நண்பர் பதிவுக் கோப்பைக் கணினியில் திறந்து, 96க்கு முன்னும் பின்னும் உள்ள எண்களைப் பார்க்கட்டும். 85, 90, 96, 91 என்று ஏறி இறங்கியிருந்தால் அவர் பக்கம் நியாயம் உண்டு. 70, 71, 96, 69 என்று இருந்தால் அது வேகமே அல்ல. இன்னொன்றையும் பாருங்கள்: கார்பன் இழைத் தகட்டுக்கு அடியில் கருவியை வைத்தால் சிக்னல் அடைபடும்; மோட்டாரின் வேகத்தை ஆளும் மின்வேகக் கட்டுப்படுத்தியை ஒட்டி வைத்தாலும் குழப்பம் வரும். மூடியின் மேற்புறத்தில், முன்பக்கமாக, ஸ்பாஞ்சின் மேல் ஒட்டுவது நல்லது.

---

முதலமடை மாந்தோப்பு எழுதியது:

அளவை பற்றிப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் மீன்கரை அணைப் பக்கத்துக்காரன். நீரையும் காற்றையும் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் நீங்கள் தேர்ந்தெடுத்த மாதம் எனக்குக் கவலை தருகிறது.

தை மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வரும் கீழ்க்காற்று எப்படி அடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நம் பக்கத்து நிலம் மேற்கு நோக்கிச் சரிவதால் ஏரிகளின் கரை பெரும்பாலும் மேற்கில்தான் இருக்கும். கீழ்க்காற்று ஏரி முழுவதையும் கடந்து வந்து, நீங்கள் அளந்து வைத்திருக்கும் அதே கரையில் அலையைக் கொண்டுவந்து மோதும். பக்கவாட்டு அலையில் மோனோ படகு ஒரு விளிம்பைக் கொடுத்துப் புரளும். எதிர்க்காற்று அதைவிடக் கொடியது: 150 கிலோமீட்டரில் போகும் படகுக்கு 15 கிலோமீட்டர் எதிர்க்காற்று சேர்ந்தால் காற்றின் தூக்குவிசை 21 விழுக்காடு கூடும், ஏனெனில் அது வேகத்தின் இருமடியாக ஏறுகிறது. முன்பாரம் சரியாக உள்ள படகும் அப்போது மூக்கைத் தூக்கிப் பின்புறமாகக் கவிழும்.

தென்மேற்குப் பருவம் ஓய்ந்து, கீழ்க்காற்று தொடங்காத ஐப்பசிக் காலைகள்தான் என் பார்வையில் ஏற்ற காலம். ஏரியில் நீரும் இருக்கும். நீர் கண்ணாடி போல அசைவற்றிருக்க வேண்டியதில்லை. மெல்லிய சிற்றலை இருந்தால்தான் அடிப்பகுதி நீரில் ஒட்டிக்கொள்ளாமல் விடுபட்டு ஓடும். ஒரு படகு ஓடியபின் அதன் அலை கரையில் மோதித் திரும்பி அடங்கும் வரை அடுத்த ஓட்டத்துக்குக் கையசைக்காதீர்கள்.

ஆகாயத்தாமரை உள்ள ஏரியை முற்றாக விலக்குங்கள். அதன் வேர்க்கற்றை ஒன்று புரொப்பெல்லரில் சுற்றினால் மோட்டார் நிற்கும், மின்னோட்டம் நிற்காது. சென்ற ஆண்டு எனக்குத் தெரிந்த ஒருவரின் படகு முழு வேகத்தில் வேரைப் பிடித்துக் கரைக்கு வருவதற்குள் கட்டுப்படுத்தியிலிருந்து புகை வந்துவிட்டது. மூடியைத் திறந்தபோது பேட்டரியின் உறை தலையணை போல உப்பியிருந்தது. அத்தகைய பேட்டரியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்காமல், உடனே மணலில் போட்டு விலக வேண்டும். கரையில் ஒரு மணல் வாளி கட்டாயம் இருக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக மனித உயிர். நின்றுபோன படகை எடுக்க யாரையும் நீந்த விடாதீர்கள். பரிசல்காரர் ஒருவருக்கு அன்றைய கூலி கொடுத்து, உயிர்காப்பு உடையோடு நிறுத்துங்கள். பரிசல் நீரில் இருக்கும்போது எந்தப் படகின் பேட்டரியும் இணைப்பில் இருக்கக் கூடாது. சிக்னல் அறுந்தால் மோட்டார் தானே நிற்கும்படி ரிசீவரை அமைத்திருக்கிறார்களா என்பதை, ரிமோட்டை அணைத்துப் பார்த்து, ஒவ்வொரு படகாகச் சோதியுங்கள். தடத்தின் இரு முனைக்கும் நேரெதிரே பார்வையாளர் நிற்கக் கூடாது: இரண்டு கிலோ எடையுள்ள படகு 70 கிலோமீட்டரில் கரையேறினால் கால் எலும்பு தாங்காது. நீர்ப்பாசனத் துறையிடம் எழுத்தில் அனுமதி பெறுவதோடு, ஏரியில் மீன் குத்தகை எடுத்தவரையும் நேரில் பார்த்துச் சொல்லிவிடுங்கள். வலை விரித்த நாளில் நாம் போய் நின்றால் அது அவர் பிழைப்பில் கை வைப்பதாகும்.

---

கொழிஞ்சாம்பாறை மின்படகு எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பதிவுக் கோப்பைத் திறந்து பார்த்தோம். 96க்கு முந்தைய எண் 72, அடுத்தது 68. படகு ஒரு அலையில் துள்ளிய இடம் அது. நண்பரே முதலில் அதைச் சுட்டிக்காட்டி, தம் எண்ணைக் குறிப்பேட்டில் சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். போட்டியை ஐப்பசிக்கு மாற்றிவிட்டோம். 330 அடித் தடம், இரு திசை, இரண்டு கைபேசிகள் என்று விதியும் எழுதிவிட்டோம்.

ஒரே ஒரு ஐயம், ஐயா. இரு ஓட்டங்களின் வேகத்தைக் கூட்டி இரண்டால் வகுப்பதா, அல்லது இரண்டு நேரங்களைக் கூட்டி மொத்தத் தூரத்தை வகுப்பதா? விடை வேறுபடுகிறது.

---

பொள்ளாச்சி நீரோட்டம் எழுதியது:

வேறுபடத்தான் செய்யும், தம்பி. ஒரு திசையில் 3.4 நொடி, மறுதிசையில் 3.9 நொடி என்றால் வேகங்கள் 106.5, 92.9; அவற்றின் சராசரி 99.7. நேரங்களைக் கூட்டி வகுத்தால் 99.2தான் வரும். இரண்டு ஓட்டமும் நெருங்கி இருந்தால் வேறுபாடு மறைந்துவிடும். விலகினால் வேகச் சராசரி எப்போதும் சற்றுக் கூடுதலாகவே காட்டும். உங்கள் நண்பர்களுக்குள் அரைக் கிலோமீட்டரில் முடிவு மாறக் கூடும் என்பதால், எதை ஏற்கிறீர்கள் என்பதை முதல் படகு நீரில் இறங்கும் முன் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். என்னைக் கேட்டால் வேகங்களைச் சராசரி எடுங்கள். பிறகு ஒவ்வொரு திசைக்குரிய நேரத்தையும் குறிப்பேட்டில் தனித்தனியாக எழுதி வையுங்கள், பின்னால் வருபவர் எந்த முறையிலும் கணக்கிட்டுக்கொள்ளலாம்.