நாலு நாள் குழந்தை, மஞ்சள், அந்துருண்டை வாசனை

சுங்கை சிப்புட் மாணவி:
தாதிமை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நேற்று கிளினிக் சிஸ்டரோடு ஒரு தோட்டத்து வீட்டுக்குப் போனேன். பிறந்து நாலு நாளான ஆண் குழந்தை. பாட்டி வாசலில் பாய் விரித்து வெயிலில் கிடத்தியிருந்தார். “கண்ணு மஞ்சளா இருக்கு, வெயில் பட்டா இறங்கிடும்” என்றார். பக்கத்தில் புட்டியில் குளுக்கோஸ் தண்ணீர். போர்த்தியிருந்தது தாத்தாவின் பழைய வேட்டி, குப்பென்று அந்துருண்டை வாசனை. சிஸ்டர் வெயிலைப் பற்றிப் பேசாமல் முதலில் வேட்டியை எடுக்கச் சொன்னார். அப்புறம்தான் வெயிலும் வேண்டாம், குளுக்கோஸும் வேண்டாம் என்றார். ஏன்? இன்னொன்று, கருப்புத் தோலில் மஞ்சளை எப்படிக் கண்டுபிடிப்பது? என் புத்தகத்தில் இருப்பதெல்லாம் வெள்ளைக்காரக் குழந்தைகள்.

தெலுக் இந்தான் பழைய மிஸி:
அந்த சிஸ்டருக்கு ஒரு கும்பிடு. ஜி6பிடி குறைபாடு (சிவப்பணுவைக் காக்கும் நொதி பிறவியிலேயே குறைவு) உள்ள குழந்தைக்கு அந்துருண்டையின் நாப்தலீன் பட்டால் சிவப்பணுக்கள் உடையும், உடம்பை மஞ்சளாக்கும் பிலிரூபின் ஒரேயடியாக ஏறும். ஆண் பிள்ளைகளிடம்தான் இது அதிகம். நம் மலேசியாவில் பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தில் சோதிக்கிறார்கள். கிளினிக் புத்தகத்தில் அந்த முடிவை முதலில் பார்.

நிறம் பார்க்க ஜன்னலோரம் போ. மஞ்சள் பல்பு ஏமாற்றும். நெற்றி, மூக்கு நுனி, நெஞ்செலும்பு, இங்கெல்லாம் விரலால் அழுத்தி எடு. ரத்தம் விலகிய அந்த நொடியில் தெரிவதுதான் நிறம். கண் வெள்ளையையும் ஈறையும் பார். மஞ்சள் முகத்தில் தொடங்கிக் கீழே இறங்கும். உள்ளங்கால் வரை வந்துவிட்டால் பேச்சே கிடையாது, ஆஸ்பத்திரிதான். ஆனாலும் கண்ணை மட்டும் நம்பாதே மா. சந்தேகம் என்றால் குதிகாலில் ரத்தம் எடுக்க அனுப்பு. பிறந்து 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் அது எப்போதுமே ஆபத்துதான். பால் குடிக்க எழுப்பினாலும் எழாத குழந்தையும் அப்படித்தான்.

குளுக்கோஸ் தண்ணீர் வயிற்றை நிரப்பிப் பாலைக் குறைக்கும். பிலிரூபின் பெரும்பாலும் மலத்தோடுதான் வெளியேறும். பால் குறைந்தால் மலம் குறையும், பிலிரூபின் குடலிலிருந்து திரும்ப ரத்தத்துக்கே போகும். ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை தாய்ப்பால், அவ்வளவுதான். பாட்டியிடம் “தப்பு” என்று ஆரம்பிக்காதே. “சீம்பால் நல்லா வயித்தைக் கழுவும் பாட்டி” என்று சொல், அவருக்கே தெரிந்த விஷயம்.

பீடோர் அம்மா:
என் மகளை மஞ்சள் இறங்க ஆஸ்பத்திரியில் நீல விளக்கில் மூன்று நாள் வைத்தார்கள். கண்ணைக் கட்டி, பெம்பர்ஸ் மட்டும் போட்டு. பால் கொடுக்க வெளியே எடுக்கலாம் என்று இரண்டாம் நாள்தான் சொன்னார்கள். அதுவரை கண்ணாடியைத் தொட்டுக்கொண்டு அழுதேன். மாணவிகளே, அதை முதல் மணி நேரத்திலேயே சொல்லுங்கள்.

சுங்கை சிப்புட் மாணவி:
நன்றி மிஸி, நன்றி அக்கா. இன்று மறுபடி போனோம். ஜி6பிடி சாதாரணம், குதிகால் ரத்த முடிவும் பயப்படும்படி இல்லை. பாட்டி ஒன்றுதான் கேட்டார்: வெயிலும் கூடாது, உருண்டையும் கூடாது என்றால் பெட்டித் துணியில் பூச்சி வராதா?

தெலுக் இந்தான் பழைய மிஸி:
குழந்தைத் துணியைத் துவைத்து அந்த எட்டு மணி வெயிலில் நன்றாகக் காயப்போட்டு, மூடியுள்ள மைலோ டின்னில் வைக்கச் சொல். நான் என் பேரனுக்கு அப்படித்தான் வைத்தேன்.