'அக்வியஸ்': சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை

நண்பர்களுக்கு,

'அக்வியஸ்' (acquiesce) என்ற ஆங்கில வினை, மனம் ஒப்பாவிட்டாலும் மறுக்காமல் ஏற்றுப்போவதைச் சொல்வது. அதற்குத் தமிழில் 'மௌன சம்மதம் தெரிவி' என்ற முன்மொழிவைப் பார்த்தேன். தெரிவித்த பிறகு அது எப்படி மௌனம்? சம்மதம் என்றாலே மனம் பொருந்திவிட்டது என்றுதான் பொருள். 'இணங்கு' என்பதும் உதவாது. மட்டக்களப்பில் இணக்கசபை என்றால், இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்கிற இடம். இந்த வினையிலோ பேச்சே இல்லை.

சிறுபோக நெல் விதைப்புக்கு முன் எங்கள் வட்டையில், அதாவது வயல்வெளியில், கூட்டம் நடந்தது. தண்ணீர் திறக்கும் நாளைக் குறித்தார்கள். வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருப்பவர் ஒருவருக்கு அந்த நாள் ஒத்துவராது. அவருடைய வரம்பைத் தண்ணீர் தொடும்போது மற்றவர்கள் விதைத்து முடித்திருப்பார்கள். வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடும் பொறுப்பாளரான வட்டவிதானையார் அவரைப் பார்த்தார். மனிதர் தோளில் கிடந்த துவாயை எடுத்து உதறி, மடித்து, மறுதோளில் போட்டுக்கொண்டார். "ஊர் முடிவு எதுவோ அதுதான்" என்று கையெழுத்தும் வைத்தார். 'சம்மதித்தார்' என்று எழுதினால் பொய். 'பணிந்தார்' என்றால் விதானையாருக்கு வீண்பழி.

என் பரிந்துரை: 'அமைந்துபோ'.

ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேர் ஓய்வையும் அமைதியையும் குறிப்பது. நம்முடைய 'அமை'யும் அப்படித்தான்: அமைதி அதிலிருந்து பிறந்தது, அடங்குதல், உடன்படுதல் என்ற பொருள்களும் அதற்கு உண்டு. 'அமைந்தாங் கொழுகான்' என்று குறள் பழிப்பது பிறரோடு பொருந்தி நடக்கத் தெரியாதவனை. வேற்றுமை உருபுக்கும் அலைய வேண்டாம். 'சுற்றறிக்கைக்கு அமைய' என்று நமது கந்தோர்களில் (அலுவலகங்களில்) நாள்தோறும் எழுதுகிறார்கள். அதே நான்காம் வேற்றுமையில் 'முடிவுக்கு அமைந்துபோனார்' என்று நிற்கும். (ஆங்கிலத்தில்தான் சிக்கல். பழைய நடை 'இன்' (in) சேர்க்கும், இப்போது பலர் 'டு' (to) போடுகிறார்கள்.) 'அமைய' என்பதில் மனக்குறை தொனிக்கவில்லையே என்பீர்கள். உண்மை. அதற்காகத்தான் 'போ'. 'விட்டுக்கொடுத்துப் போனான்' என்பதில் கேட்கும் அந்தச் சிறு தோல்வி இங்கும் கேட்கிறது.

'வேண்டாவெறுப்பாக ஏற்றுக்கொள்' என்பது விளக்கமே தவிரச் சொல் அல்ல. வெறுப்பும் அங்கே கூடுதல். துவாய்க்காரர் யாரையும் வெறுக்கவில்லை.

சட்டத்துக்கு மட்டும் வேறு சொல் வேண்டும். தாய்லாந்து-கம்போடியா எல்லையிலுள்ள பிரேயா விகார் கோயில் யாருக்கு என்ற வழக்கில் 1962இல் சர்வதேச நீதிமன்றம் கம்போடியாவின் பக்கம் தீர்ப்பளித்தது. கோயிலைக் கம்போடியாவின் பக்கம் காட்டிய எல்லை வரைபடம் கையில் இருந்தும் தாய்லாந்து பல்லாண்டு மறுப்புச் சொல்லாதிருந்தது அதற்கு ஒரு முக்கிய காரணம். அங்கே மனக்குறையை யாரும் அளக்கவில்லை. பேச வேண்டிய நேரத்தில் பேசினாயா என்பதே கேள்வி. அதற்கு 'வாளாவிருந்து ஏற்றல்' பொருந்தும். நீளம்தான், ஆனால் தீர்ப்பு மொழிபெயர்ப்பவர்கள் இதைவிட நீளமானவற்றைத் தாங்குகிறார்கள்.

எனக்கே உறுத்துவது பெயர்ச்சொல். 'அமைந்துபோதல்' சரி, 'அமைவு' என்று சுருக்கினால் கட்டமைப்பு என்று படித்துவிடுவார்கள். ஆகவே சுருக்க வேண்டாம் என்பது என் கட்சி. இதைவிட நல்ல பெயர்ச்சொல் இருந்தால், அந்தத் துவாய்க்காரருக்குப் பொருத்திப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.