31 வயதில் ஹிர்ஷ்ப்ரங் அறுவை: என் அனுபவம்

ஹிர்ஷ்ப்ரங் என்பது குடலின் ஒரு பகுதியில் நரம்பணுக்கள் இல்லாமலே பிறக்கிற நோய். விவரம் தெரிந்த நாளிலிருந்து எனக்கு மலச்சிக்கல்தான். வாரத்துக்கு ஒரு தடவை போனாலே நிம்மதி. எனிமா இல்லாமல் வெளியூர் போனதே கிடையாது. பார்த்தவர்கள் எல்லோரும் தண்ணீர் குடி, நார்ச்சத்து சேர் என்றார்கள். 31 வயதில் வயிறு உப்பி மூச்சே முட்டியபோதுதான் ஒரு மருத்துவர் கேட்டார்: "பிறந்தப்போ முதல் மலம் எப்போ போச்சு?"

அம்மாவுக்குப் போன் போட்டேன். "மூணு நாள் போகலப்பா. கேட்டதுக்கு, சரியாயிடும்னுட்டாங்க." பிறகு அழ ஆரம்பித்துவிட்டார். அவர் மேல் என்ன தப்பு?

பேரியம் எக்ஸ்ரேயில் மலக்குடல் குறுகலாகவும் அதற்கு மேல் பெருங்குடல் பலூன் மாதிரி விரிந்தும் இருந்தது. பயாப்ஸியில் உறுதியானது: அந்தக் குறுகிய பகுதியில் நரம்பணுக்களே இல்லை. அது தளராது, மலத்தைத் தள்ளவும் தள்ளாது. எந்த மருந்தும் அந்த அணுக்களைக் கொண்டுவந்துவிடாது. 1886-லேயே ஹிர்ஷ்ப்ரங் விவரித்த நோய்; எனக்கு மட்டும் 31 வருஷம் பெயரில்லாமல் இருந்தது.

விரிந்த குடல் சுருங்கட்டும் என்று முதலில் ஸ்டோமா வைத்தார்கள்; வயிற்றில் துளை போட்டு, மலம் வெளியே ஒரு பைக்குள் விழும்படி செய்வது. முதல் ராத்திரி காற்று நிறைந்து, போர்வைக்கடியில் பை மெல்ல எழும்பியது. கையை வைத்துப் பார்த்தேன், சூடாக இருந்தது. என் குடல் தானாக வேலை செய்து நான் பார்த்தது அன்றுதான். சில மாதம் கழித்து டுஹாமெல் அறுவை: நல்ல குடலை மலக்குடலுக்குப் பின்னால் இறக்கி இணைப்பது. கடைசியாக ஸ்டோமாவை மூடினார்கள்.

மூடியபின் முதல் மாதங்கள்தான் கஷ்டம். ஒரு நாளைக்கு எட்டு, பத்து தடவை. தோல் வெந்து எரியும். துடைக்காமல் தண்ணீரில் கழுவி, ஒற்றி உலர்த்தி, துத்தநாகக் களிம்பு பூசினேன். இப்போது இரண்டு தடவை.

*

(ஒரு வாசகர்) அண்ணா, என் தம்பிக்கும் இதே அறுவை. இடுப்பு நரம்புகளுக்குப் பக்கத்தில் செய்வதால் சிறுநீர், தாம்பத்தியம் இரண்டும் பாதிக்கப்படலாம். கூச்சப்படாமல் அறுவைக்கு முன்பே கேளுங்கள். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

*

(இன்னொரு வாசகர்) ஒன்று சேர்க்கிறேன். அறுவை முடிந்தாலும் குடல் அழற்சி வரலாம். காய்ச்சல், வயிற்று உப்பல், நாற்றத்தோடு பேதி மூன்றும் சேர்ந்து வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நான் காத்திருந்து ஐசியூ வரை போனேன்.