ரொக்கியின் வாய் நாற்றம்

சின்னம்மா: பிள்ளைகள், எங்கள் நாய் ரொக்கி கிட்ட வந்தாலே வாய் நாறுகிறது. சோற்றில் புதினா போட்டால் போகும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். போடலாமா?

தம்பி கல்முனை: போடுங்கள், இலைதானே 😂

ரஜி அக்கா: போடலாம், ஆனால் கொஞ்சம். இரண்டு மூன்று இலையைக் கழுவிப் பொடியாக நறுக்கி ஆறின சோற்றில் கலவுங்கள். கூடிப் போனால் வயிற்றால் போகும். கொத்தமல்லி இலையும் அப்படித்தான்.

சின்னம்மா: அப்ப மத்தியானம் மிஞ்சின புதினாச் சம்பலையே குழைத்து வைக்கவா?

ரஜி அக்கா: ஐயோ, வேண்டாம்! அதில் வெங்காயம் இருக்கு. வெங்காயம், உள்ளி, லீக்ஸ், வெங்காயத்தாள் எல்லாம் ஒரே இனம். நாயின் இரத்தத்தில் சிவப்பணுக்களை உடைக்கும்.

பெரிய மாமா: எங்கட நாய்களெல்லாம் சொதிச் சோறு தின்றுதான் வளர்ந்தது. ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ரஜி அக்கா: அன்றைக்கே ஒன்றும் தெரியாது மாமா. ஒரே தடவையில் உடம்பு எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் போனால் ஆபத்து. ரொக்கி 10 கிலோ என்றால் 50 கிராம், ஆறேழு சின்ன வெங்காயம். அவித்தாலும் பொரித்தாலும் நஞ்சு போகாது. போன வருஷம் எங்கள் ஜிம்மி கலியாண வீட்டு ஃப்ரைட் ரைஸ் தின்றது, லீக்ஸ் அள்ளிப் போட்டது. மூன்றாம் நாள்தான் படுத்தது. ஈறு வெள்ளைக் கடதாசி மாதிரி, மூத்திரம் சாயம் கூடின பிளேன்ரீ நிறம். பிழைத்ததே பெரிய காரியம்.

பெரிய மாமா: ம்ம்.

தம்பி கல்முனை: அக்கா, எங்கள் குட்டி கற்பூரவள்ளிச் சாடியைக் கடிக்கிறதே?

ரஜி அக்கா: சாடியை மதிலில் தூக்கி வை. நாம் இருமலுக்குக் குடிக்கிற இலைதான், ஆனால் நாய்க்கு வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். கற்றாழையையும் தள்ளி வை.

ரஜி அக்கா: சின்னம்மா, அவனுடைய கடைவாய்ப் பல்லைப் பார்த்தீர்களா? உதட்டைத் தூக்கிப் பாருங்கள்.

சின்னம்மா: பொறு மகள், ஆள் ஓடுகிறான்

சின்னம்மா: பார்த்தேன். பல்லடியில் மண்ணிறமாகக் கட்டியிருக்கு, ஈறும் சிவப்பு.

ரஜி அக்கா: அப்ப புதினா நாற்றத்தை மூடும், வருத்தத்தை மாற்றாது. நாளைக் காலையில் கல்லடிக்கு வாறேன், மிருக வைத்தியரிடம் கொண்டு போவோம்.

சின்னம்மா: சரி. இந்தச் சம்பலை மறுகா யார் தின்கிறது?

பெரிய மாமா: பாலத்தடியில் நிற்கிறேன். புட்டு இருக்கா?